உதாரணத்துக்கு ஒரு தங்கை

அத்தியாயம் 11

முன்னூறாவது வார்த்தை வரை சின்னவள் எழுதி முடித்துவிட்டாள். பெரியவள் அதைப் பார்த்து எழுதியும் முடித்துவிட்டாள். போன வாரம் அவர்களை நாம் விட்டது அந்த இடத்தில்தான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. கடல் தாண்டி இருக்கிற முதியோர் இல்லங்களுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்புகிற பயிற்சி நிலையம் ஒன்று, டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஆறு மாதப் படிப்பு. சேர்ந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நோட்டு எழுத வேண்டும். முன்னூறு ஆங்கில வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்திலேயே பொருள். அதன் கீழே அந்த வார்த்தையை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம். அகராதியில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே தூக்கிப் போட்டால் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

படிப்பில் சேர்ந்தவள் பெரியவள். வாக்கியங்களை எழுதியவள் சின்னவள்.

பெரியவளுக்குப் பகலெல்லாம் மருந்துக்கடையில் நிற்கிற வேலை, சாயங்காலம் வகுப்பு. சின்னவளுக்கு வகுப்பு என்று எதுவும் இல்லை. எலக்ட்ரீஷியன் அப்பா ஏணியிலிருந்து விழுந்து படுத்த வருடம், அம்மாவால் சலவை நிலையத்து வேலையை விட முடியவில்லை. பெரியவளுக்குக் கடைசி வருடப் பரீட்சை. மிச்சம் இருந்தது ஒன்பதாம் வகுப்புச் சின்னவள். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள் அம்மா. அப்பா கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தே மூன்று வருடம் ஆகிறது. அந்தக் கொஞ்ச நாள் மட்டும் இன்னும் முடியவில்லை.

வாரா வாரம் சின்னவள் பென்சிலால் எழுதிக் கொடுப்பாள். நோட்டு அவரவர் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவள் உட்கார்ந்து பேனாவால் பார்த்து எழுதுவாள். தோளில் போன், காதில் சிநேகிதி, கையில் பேனா. என்ன எழுதுகிறோம் என்று ஒரு நாளும் படித்ததில்லை. ஒரு தடவை ஒரே வாக்கியத்தை இரண்டு வார்த்தைகளுக்குக் கீழே எழுதி, சின்னவள் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.

இத்தனையும் எதற்காக என்றால், அந்தப் பயிற்சி நிலையத்தின் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தேர்வானவரின் உடன்பிறந்தவர் ஒருவருக்கு, பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், அடுத்த குழுவில் இடம் உண்டு. பெரியவள்தான் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "நான் உள்ள போயிட்டா, அடுத்தது நீதான் பூனை. உனக்காகத்தான் நான் இவ்வளவு கஷ்டப்படறேன்."

சத்தமில்லாமல் நடப்பாள், சத்தமில்லாமல் அழுவாள், அதனால் வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர்.

இன்று தேர்வு நாள்.

காலையிலேயே அப்பா ஆரம்பித்துவிட்டார். "பெரியவ பரீட்சைக்குப் போறா, சரி. கையெழுத்துப் போட அம்மா போறா, சரி. இவ எதுக்கு?"

"பஸ்ல கேள்வி கேட்டுக்கிட்டே வருவாப்பா. அப்பதான் எனக்கு ஞாபகம் நிக்கும்" என்றாள் பெரியவள்.

"எனக்கு மத்தியானச் சாப்பாடு?"

"மூடி வெச்சிருக்கேன்பா" என்றாள் சின்னவள். "மாத்திரை தட்டுக்குப் பக்கத்துல. தண்ணி சொம்புல. கதவை வெறுமனே சாத்திட்டுப் போறேன்."

அப்பா அதற்கும் முகத்தைச் சுளித்தார். சின்னவள் வெளியே போவது அந்த வீட்டில் மின்சாரம் போவது மாதிரி. போகும்போதுதான் அது இருந்ததே எல்லோருக்கும் தெரியும்.

பேருந்தில் மூவருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. சின்னவள் ஓரத்தில் பாதி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அபண்டன்ட்?"

"மோர் தேன் இனஃப்."

"கன்சீல்?"

"டு ஹைட்."

"வாக்கியம் சொல்லு."

"அதையெல்லாம் எவ கேக்கப் போறா? அர்த்தத்தை மட்டும் கேளு."

"அப்பா சிகரெட்டை மீட்டர் பெட்டிக்குள்ள ஒளிச்சு வைக்கிறார், அம்மா தெரியாத மாதிரி இருக்காங்க. இதான் வாக்கியம்."

ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். "அடிப்பாவி! அதையா எழுதி வெச்சிருக்கீங்க? வீட்டு விஷயத்தை ஊருக்கே படம் போட்டுக் காட்டியாச்சா?"

"வேற எதை எழுதுவேன்?" என்றாள் சின்னவள் மெதுவாக. "எனக்கு நம்ம வீடு மட்டும்தானே தெரியும்."

பெரியவள் சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. சலவை நிலையத்தில் ஊரார் துணியைப் பிரித்துப் பிரித்துப் போடுகிறவள் அவள். எந்தக் கறை எதனால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். வெளியே ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். தன் வீட்டுக் கறையை எவளோ படிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மாடியில் நீளமான நடை. நாலு பிளாஸ்டிக் நாற்காலி. நோட்டுகளை முந்தின நாளே வாங்கி உள்ளே அடுக்கிவிட்டார்கள். தேர்வு நடக்கிற அறைக்கு நடைப் பக்கம் ஒரு ஜன்னல். கண்ணாடிச் சட்டங்களில் இரண்டைக் காணோம்.

முதலில் போன நெட்டைப் பெண் கால் மணி நேரத்தில் வெளியே வந்தாள். முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன கேட்டாங்க?" என்று பெரியவள் பாய்ந்தாள்.

"அர்த்தம் ஒண்ணுகூடக் கேக்கல. மூணு பக்கத்தைத் திருப்பறாங்க. நாம எழுதின வாக்கியத்தைப் படிச்சு, அதைப் பத்தியே பேசு பேசுன்னு சொல்றாங்க. என் மாமா மலை ஏறினார்னு எழுதியிருந்தேன். எந்த மலை, எதுக்கு ஏறினார், கூட யார் போனாங்கன்னு கேட்டா நான் எங்க போவேன்? எனக்கு மாமாவே கிடையாது!"

பெரியவளின் கை சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிகிற பிடி.

"என்னடி எழுதித் தொலைச்சே? சொல்லு. சீக்கிரம்."

சின்னவள் சொல்ல ஆரம்பித்தாள். முன்னூறும் அவளுக்கு வரிசையாக நினைவிருந்தது. குழாயைப் பற்றி எழுதியது, பக்கத்து வீட்டுத் தையல்காரி சண்டை போட்டது, மருந்துக்கடை முதலாளி தும்முவது. அக்காளாக மாறித்தான் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். என் அப்பா, என் அம்மா, என் கடை. பெரியவள் உதட்டை அசைத்து அசைத்துக் கேட்டாள். நூறைத் தாண்டினார்கள். நூற்றுப் பதினொன்று சொன்னாள். நூற்றுப் பதின்மூன்று சொன்னாள்.

நூற்றுப் பன்னிரண்டைச் சொல்லவில்லை.

அது அக்காளின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற வாக்கியம் இல்லை. எழுதிய அன்று அழித்துவிடலாம் என்று ரப்பரைக் கையில் எடுத்தவள்தான். அக்கா பார்த்து எழுதும்போது கவனிப்பாள், ஏதாவது கேட்பாள் என்று விட்டு வைத்தாள். அக்கா பார்த்து எழுதினாள். ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு, யாரோ முன்பின் தெரியாத ஒருவராவது படிக்கட்டுமே என்று இருந்துவிட்டாள். முன்னூறில் மூன்றுதானே திருப்பப் போகிறார்கள்?

பெயர் கூப்பிட்டார்கள். அம்மாவும் பெரியவளும் உள்ளே போனார்கள். கண்ணாடி இல்லாத இடத்துக்கு நேராகச் சின்னவள் உட்கார்ந்தாள்.

தேர்வு செய்கிற அம்மாள் காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிப் போயிருந்தார். வாயில் ஒரு இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு நோட்டைத் திருப்பினார். கேள்வியெல்லாம் ஆங்கிலம். தாளில் பார்த்த வார்த்தைகளை வெளியாள் ஒருவர் வாயில் சின்னவள் கேட்பது இதுதான் முதல் தடவை. அவற்றுக்குச் சத்தம் இருந்தது.

முதலில் வந்தது ஸ்டபன். பிடிவாதம். 'எங்கள் வீட்டுக் குழாய் பிடிவாதம் பிடித்தது. அம்மா ஒரு அடி போட்டால்தான் தண்ணீர் தரும்.' அந்த அம்மாள் சிரித்தார். பெரியவளும் தைரியம் வந்து, அம்மா எப்படி அடிப்பாள் என்று கையால் செய்து காட்டி, தெரிந்த ஆங்கிலத்தில் ஒப்பேற்றினாள். அடுத்தது மருந்துக்கடை முதலாளியின் தும்மல். அது அவள் தினமும் கேட்கிற தும்மல். திக்கித் திக்கியானாலும் தாராளமாகப் பேசினாள்.

சின்னவள் விரலை மடக்கி எண்ணினாள். இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

பக்கம் திரும்பிற்று. அந்த அம்மாள் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். பிறகு நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"ரிலக்டன்ட். மனமில்லாமல் இருப்பது. பள்ளிக்கூடத்தை விட என் தங்கைக்கு மனமில்லை. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை."

"உன் தங்கையா? ஏன் விட்டாள்? என்ன வயது?"

பெரியவள் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"இப்போது என்ன செய்கிறாள்? அவளுக்கு மனமில்லை என்று உனக்கு எப்படித் தெரியும், யாரும் கேட்கவில்லை என்றால்?"

பெரியவளின் தலை லேசாக ஜன்னல் பக்கம் திரும்பியது, பாதியில் நின்றது. அவள் மனதில் ஓடியதைச் சின்னவளால் வார்த்தை வார்த்தையாகப் படிக்க முடிந்தது. தங்கை இருக்கிறாள் என்றால், எங்கே என்பார்கள். வெளியே என்றால், கூப்பிடு என்பார்கள். கூப்பிட்டால், அவளே பேசிவிடுவாள். பேசினால், நோட்டு யாருடையது என்று தெரிந்துவிடும்.

"தங்கை இல்லை மேடம்" என்றாள் பெரியவள், அம்மாவுக்கும் புரிகிற ஆங்கிலத்தில். அன்று அவள் திக்காமல் பேசிய ஒரே வாக்கியம் அது. "அப்படி யாரும் இல்லை. உதாரணத்துக்கு எழுதினது."

"உண்மையாகவா?"

"எஸ் மேடம்."

அந்த அம்மாள் நோட்டை மூடவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து, தமிழுக்கு மாறினார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அம்மாவின் பக்கவாட்டு முகம் தெரிந்தது. அம்மா மூத்தவளைப் பார்த்தாள். மடியிலிருந்த பையின் வாரைத் திருகினாள். ஜன்னல் பக்கம் மட்டும் பார்க்கவேயில்லை.

"இவ ஒருத்திதாங்க" என்றாள்.

"ஒரே பொண்ணா?"

"ஆமாங்க. ஒரே பொண்ணு."

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "அட! நான் நிஜம்னே நினைச்சுட்டேன். மத்த பிள்ளைங்க நோட்டெல்லாம் பாக்கறேன். நான் கடைக்குப் போனேன், நான் வீட்டுக்கு வந்தேன், இவ்வளவுதான். இல்லாத ஒரு தங்கச்சியை எவ்வளவு அழகாக் கற்பனை பண்ணியிருக்கே நீ! இந்த மனசு இருந்தா வயசானவங்களை நல்லாப் பாத்துக்குவே."

பெரியவள் "தேங்க்யூ மேடம்" என்றாள்.

படிவத்தை எடுத்து அந்த அம்மாளே எழுத ஆரம்பித்தார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிற வழக்கம் அவருக்கு. "அப்பா, அம்மா... உடன்பிறந்தவர் இல்லை." பேனாவால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். அது காகிதத்தில் கிறீச்சிட்ட சத்தம் ஜன்னல் வரை கேட்டது.

"தேர்வாயிட்டே. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு எங்க ஆள் ஒருத்தர் வீட்டுக்கு வருவார். படிவத்துல இருக்கறதும் வீட்டுல இருக்கறதும் ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு, உங்க வீட்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிக்குவார். பொய்யா எதுவும் இருந்தா அதோட சரி. உங்களுக்கு என்ன, மூணே பேர். சுலபமா முடிஞ்சிரும்."

வெளியே வந்தபோது பெரியவளின் முகத்தில் சிரிப்பும் பயமும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. அவள் தங்கையைப் பார்க்காமல் விறுவிறுவென்று படி இறங்கினாள். அம்மா அவள் பின்னால் போனாள். சின்னவள் கடைசியாக இறங்கினாள். சுவரில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தைத் தாண்டித்தான் படிக்குப் போக வேண்டும். நின்று படிக்கவில்லை. மனப்பாடமாகத் தெரியும்.

தெருவுக்கு வந்ததும் பெரியவள் திரும்பினாள். அவளுக்குத் தாக்குதல்தான் தற்காப்பு. சின்ன வயதிலிருந்தே அப்படி.

"எல்லாம் உன்னாலதான். எதுக்குடி அதை எழுதினே?"

சின்னவள் பேருந்து வருகிற பக்கம் பார்த்தாள்.

"வாயில என்ன, பூட்டா? எதுக்கு எழுதினே? என்னை மாட்டி வைக்கத்தானே?"

"நீ எதுக்குப் படிக்காம எழுதினே?" என்றாள் சின்னவள்.

அந்த வீட்டில் பூனை எதிர்க்கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை. டைல்ஸ் கடைக்காரன் கூடத் தலையை நீட்டிப் பார்த்தான்.

"நடுத்தெருவுல நின்னுக்கிட்டு என்ன இது" என்று அம்மா இருவர் கையையும் பிடித்தாள். "சின்னவளே, இங்க பாரு. எனக்கு அந்த நேரத்துல வேற ஒண்ணும் தோணலடி. அவ சொன்னதுக்கு நான் மாத்திச் சொன்னா அவ போச்சு. ஒருத்தியாவது கரையேறட்டும்னு..."

"நான் என்னம்மா கேட்டேன்? ஒண்ணும் கேக்கலையே."

"அதான்டி கஷ்டமா இருக்கு. நாலு திட்டு திட்டிரு."

சின்னவள் திட்டவில்லை. திரும்பிப் போகிற பேருந்தில் அம்மா அவளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தாள். காலையில் பாதி உட்கார்ந்து வந்தவளுக்கு இப்போது முழு இடம். அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை. செத்தவர்களுக்கு நல்ல இடம் கொடுப்பது மாதிரி இருந்தது.

வீட்டில் அப்பா சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே வைத்திருந்தார். சின்னவள் உள்ளே நுழைந்ததும் முதலில் தட்டை எடுத்தாள். பழக்கம், வேறென்ன.

பெரியவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் விரிந்தது. தேர்வாகிவிட்டாள் என்றதும் கம்பைத் தரையில் தட்டினார். ஒரே பெண் என்று சொல்ல வேண்டி வந்தது என்றபோது தட்டுவதை நிறுத்தினார். சின்னவள் குழாயடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஏதாவது சொல்வார் என்று தோன்றியது. ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தவள் அவள். மற்ற இருவரும் செய்தது வேறு, அப்பா செய்வது வேறு என்று ஏனோ நினைத்தாள்.

"அப்படின்னா திங்கக்கிழமை அவர் வர்றப்ப சின்னவ?" என்று கேட்டார் அப்பா.

"சித்தி வீட்டுக்கு அனுப்பிரலாம்" என்றாள் பெரியவள். "காலையில போயிட்டு சாயங்காலம் வரட்டும். அவ துணிமணியெல்லாம் ஒரு பையில கட்டிப் பரண்ல போட்டுரலாம். பாய் மூணு போதும்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "எனக்கு மாத்திரை யாரு எடுத்துக் குடுக்கறது?"

குழாயடியில் தட்டு கழுவுகிற சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டது. அவ்வளவுதான்.

"ஒரு நாள்தானேங்க, நான் லீவு போட்டுட்டு இருக்கேன்" என்றாள் அம்மா. பிறகு குழாயடிக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "ஒரே ஒரு நாள்டி. அக்கா முதல்ல போகட்டும். அங்க போய்ச் சேர்ந்ததும் உனக்கு ஏதாவது வழி பண்ணுவா. சித்தி வீட்டுல போய் நிம்மதியா இருந்துட்டு வா. சரியா?"

சின்னவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பொய்க்குப் பிறகு அம்மா பார்க்காமலே இருந்த கண்கள் இப்போது நேருக்கு நேர் நின்றன. அம்மாதான் முதலில் கீழே பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு வராங்களாம்?" என்று கேட்டாள் சின்னவள்.

"பத்து மணிக்குன்னு சொன்னாங்க. நீ எட்டு மணி பஸ்ஸுக்கே கிளம்பிரலாம்" என்றாள் அம்மா. நெஞ்சில் இருந்த கல் இறங்கிய குரல்.

கூடத்தில் இருந்த பெரியவளுக்கு எதுவும் இறங்கவில்லை. அவள் எழுந்து குழாயடி வாசல் வரை வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு தங்கையையே பார்த்தாள்.

"எதுக்குடி மணி கேக்கறே?"

"சும்மாதான்" என்றாள் சின்னவள். "தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு."

சொல்லிவிட்டு அக்காளைத் தாண்டி உள்ளே போனாள். முதல் தடவையாக, அவள் நடக்கிற சத்தம் அந்த வீட்டில் கேட்டது.